டிரைவர் சாக வேண்டும் என்றார்

நாவலை எழுதி முடித்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அரூரில் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. அடுத்தவர்கள் எழுதியதையே அடித்து அடித்து வந்த எரிச்சலில் எழுதியது என்றுகூடச் சொல்லலாம். கதை ஒரு லாரி டிரைவரைப் பற்றியது. என் வீட்டுக்காரரும் லாரி டிரைவர். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் வாரத்துக்கு இரண்டு முறை இறங்குகிறவர். கதையில் வருகிற ஆள் யாரென்று படித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

எழுதியதைப் பதிப்பகங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏஜெண்ட் ஒருவர் சென்னையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அனுப்பிவைத்தேன். ஏஜெண்ட் என்றால் எங்கள் ஊரில் இன்சூரன்ஸ்காரர்தான். இவர் மரியாதையாகவே பேசினார். பெரிய பதிப்பகமே எடுத்துக்கொள்ளும், ஆனால் முடிவு சப்பென்று இருக்கிறது, டிரைவர் கணவாயில் சாக வேண்டும் என்றார். இல்லையென்றால் நீங்களே அச்சடித்து நீங்களே விற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

எனக்குப் பேராசை. மூன்றே நாளில் ஆளைக் கொன்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த அத்தியாயம் நன்றாகவும் வந்திருந்தது.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் கதை படிக்கிறவர் இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தார்.

“இந்த டிரைவரு செத்துடறானா?”

“கதைதானுங்களே. அப்டி இருந்தாத்தான் எடுப்பாங்களாம்.”

“செரி, உடு. கதைதான.”

கோபப்படவில்லை. மறுநாள் விடியும் முன்பே, தருமபுரியில் லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போகக் கிளம்பிவிட்டார். வாசல் பெருக்கப் போனபோதுதான் பார்த்தேன். அந்தத் தாள்களைச் சுருட்டி கேட் கம்பியில் செருகிவைத்திருந்தார். எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகை வந்தால் வீட்டுக்குள் எடுத்துவர மாட்டோம். வெளியிலேயே படித்துவிட்டு இப்படித்தான் செருகிவைப்போம். அந்நேரம் அவர் தொப்பூர் இறக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்திருப்பார்.

அன்றே ஏஜெண்டுக்கு போன் செய்து வேண்டாங்க என்றேன். பழைய முடிவோடு, தருமபுரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் நானே புத்தகம் போட்டேன். சில பக்கங்கள் சாய்ந்திருக்கின்றன. அட்டையில் லோடு லாரிக்குப் பதில் மண் கொட்டுகிற ஏதோ டிப்பர் நிற்கிறது. புலம்பி என்ன செய்ய.

புத்தகக் கட்டுகள் வந்திறங்கிய அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் நிலைப்படியில் நின்றுவிட்டார்.

“இத வூட்டுக்குள்ள வெக்கலாமில்ல?”

“வெக்கலாங்க” என்றேன்.