மட்டாஞ்சேரியில் கிரேக்கச் சாப்பாடு, சமைத்தவள் என் தங்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். மட்டாஞ்சேரி பஜார் தெருவில் இருக்கும் கிரேக்க உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் சுதா, என் சித்தப்பா மகள். போன மாதம்தான் சமையலறையின் முழுப் பொறுப்பையும் அவளிடம் ஒப்படைத்தார்கள். செய்தி வந்த அன்று கோவையில் எங்கள் தெரு முழுக்க நானே இனிப்புக் கொடுத்தேன். கிரேக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அதையும் சேர்த்து விளக்கினேன்.

அதே வாரம் சுதா போன் செய்தாள். "அக்கா, நான் இங்க சேந்து ரெண்டு வருஷமாச்சு. அப்பா ஒரு தடவகூட உள்ள வந்ததில்ல. மழை பெஞ்சா வாசல் வரைக்கும் வந்து குடையக் குடுத்துட்டு அப்படியே போயிடுவார். நீ விளிச்சா வருவார். எப்படியெங்கிலும் கூட்டிட்டு வா." எனக்கும் அந்தச் சாப்பாட்டை ருசி பார்க்க ஆசை. ஒரு புதன்கிழமை கிளம்பிவிட்டேன்.

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்குக் காலை ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரம். ஜங்ஷனில் இறங்கி, நேராகத் தேவராவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். முருகேசன் சித்தப்பா இளம் வயதிலேயே கொச்சிக்கு வந்து துப்புரவு வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை மட்டாஞ்சேரித் தெருக்களைக் கூட்டியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார். ஆனால் வழி காட்டத்தான் வருவாராம், நான் சாப்பிட்டு வரும்வரை வெளியே நிற்பாராம்.

தேவராவிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள். இரண்டு பாலங்களைக் கடக்கும்போது காயல் காற்று முகத்தில் அடிக்கும், ஓரமாக உட்காருங்கள். பாலத்தின் மேல் போகும்போதுதான் சித்தப்பாவிடம் காரணம் கேட்டேன்.

"வேண்டா மோளே. அந்தத் தெருவுல எல்லாத்துக்கும் என்னைத் தெரியும். நான் போய் உக்காந்தா, ஓ, இவன் மகளா இங்க சமைக்கிறதுன்னு பேச்சு வரும். அப்புறம் ஆளு வருமா? அவளுக்கு எதுக்கு என்னால புத்திமுட்டு?"

தன்னால் மகளுக்குத் தொல்லையாம், எனக்குச் சுருக்கென்றது. ஆறுதல் சொல்லாமல் வம்புக்கு இழுத்தேன். "சித்தப்பா, எனக்குத் தனியா ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டுப் பழக்கமில்ல. போட்டோ எடுக்கவும் ஒரு ஆள் வேணும். நீங்க வரலைன்னா ஆட்டோவ இப்படியே திருப்பச் சொல்லுங்க." ஆட்டோக்காரச் சேட்டன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சித்தப்பா பெருமூச்சு விட்டு, "சரி, ஓரமா உக்காரலாம்" என்றார்.

பஜார் தெருவில் இறங்கியதும் சுக்கும் மிளகும் மூக்கைத் துளைக்கும். உணவகம் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் இருக்கிறது. நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்துக் கடலோரக் காலண்டர் மாதிரி ஆக்கியிருப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். நல்லவேளை, சுண்ணாம்புச் சுவரும் மர மேசைகளும்தான். உரிமையாளர் ஜோசி சேட்டன் கிரேக்கச் சரக்குக் கப்பல்களில் வருடக்கணக்காகச் சமையல்காரராக இருந்தவர். ஆலுவாவில் கேட்டரிங் படித்துவிட்டு வந்த சுதாவுக்கு இந்தச் சமையலைப் பழக்கியவர் அவர்தான். பச்சைமிளகாய் சேர்க்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் கெஞ்சினாலும் சுதா அசைவதில்லையாம். "ஞான்கூட சிலப்போ இட்டு கொடுக்கும். இவள் சம்மதிக்கில்லா" என்று அவரே அலுத்துக்கொண்டார். அவர்கூடச் சில நேரம் போட்டுக் கொடுத்துவிடுவாராம், இவள் ஒப்புக்கொள்ள மாட்டாளாம். அதைக் கேட்டு எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சித்தப்பா சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தார். முதலில் வந்தது ஸாட்ஸிகி. கெட்டித் தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றியது. நம் தயிர்ப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே தட்டு, பக்கத்தில் சூடான ரொட்டி. கிரேக்கர்கள் இதை எல்லோருமாக ஒரே தட்டில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார்கள் என்று ஜோசி சேட்டன் விளக்கினார்.

எச்சில் பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் சித்தப்பா கையை மடியிலேயே வைத்திருந்ததற்கு எச்சில் காரணமில்லை. பொதுத் தட்டில் தன் கை படக்கூடாது என்று நினைத்தார். தனக்கு ஒரு சின்னத் தட்டு கேட்டு வாங்கி, என்னை அதில் எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்தேன். சாப்பிட்டார். மறுபடி கேட்டார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்து டோல்மா, அரிசியும் மூலிகையும் வைத்துச் சுருட்டிய திராட்சை இலை, லேசான புளிப்பு. அதன்பின் பெரிய நெய்மீன் துண்டு, நம் ஊர் வஞ்சிரம்தான், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் தடவிக் கரியில் சுட்டது. முள்ளிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியாக மூசாகா, கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி, மேலே பால் கலவை ஊற்றி அடுப்பில் சுட்டது. நான் ஊர் ஊராகச் சுற்றிச் சாப்பிடுகிறவள். கத்தரிக்காயை இப்படி வெண்ணெய் போல ஆக்க நல்ல கை வேண்டும். அந்தக் கை எங்கள் வீட்டுக் கை.

நான் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பா எழுந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் தன் தட்டையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடக்கிறார். கழுவி வைக்கப் போகிறார்! அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சில டீக்கடைகளில் எங்கள் ஆட்கள் சாயா குடித்தால் கிளாஸைத் தாங்களேதான் கழுவி வைக்க வேண்டும். அந்தக் கடைகள் போய்விட்டன, பழக்கம் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

நான் எழுவதற்குள், வழியில் ஒரு மேசையில் மூசாகா சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் அவரை நிறுத்தினார். பஜார் தெருவின் மளிகை மொத்த வியாபாரி.

"எந்தா முருகேசா, ரிட்டயர் ஆயிட்டும் ரெஸ்ட் இல்லே? இவிடெ பாத்திரம் கழுகான் கேறியோ?"

இங்கே பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா என்று கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையான பரிவோடுதான் கேட்டார். அதனால்தான் இன்னும் வலித்தது. சித்தப்பா எதற்குப் பயந்து இரண்டு வருடம் வாசலிலேயே நின்றாரோ, அது இப்போது எதிரே உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவராது. சமையலறைக் கதவருகே சுதா கரண்டியோடு நின்றிருந்தாள்.

சித்தப்பா கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இல்ல முதலாளி. ஊணு கழிக்கான் வந்நதாணு." தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார். "இவிடத்தெ குக்கு என்றெ மோளாணு. நிங்ஙள் கழிக்குந்நது அவள் உண்டாக்கியது."

சாப்பிட வந்தேன், சமைப்பது என் மகள், நீங்கள் சாப்பிடுவது அவள் செய்தது. கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வியாபாரி "ஆணோ?", அதாவது அப்படியா, என்றது காதில் விழுந்தது. அவர் முகம் எப்படி மாறியது, மீதியைச் சாப்பிட்டாரா என்று கேட்காதீர்கள். நான் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து தட்டையும் கிளாஸையும் மேசையில் வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

சுதாவே பக்லவா கொண்டுவந்தாள். கொட்டைப் பருப்பும் சர்க்கரைப் பாகுமாக, நடுவில் ஒரே தட்டு. "அப்பா, சின்னத் தட்டு வேணுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? எல்லாரும் இதுலதானே கழிக்கிறாங்க" என்று சொல்லி, முதல் துண்டைத் தானே எடுத்தார். அடுத்ததை அவளுக்கு ஊட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பக்லவா படம் மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு பேர் வயிறார மதியம் சாப்பிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஆகும். திங்கள் விடுமுறை. சைவக்காரர்கள் டோல்மாவில் கறி இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது ஃபோர்ட் கொச்சியிலிருந்து படகில் எர்ணாகுளம் போங்கள், இருபது நிமிடம். வல்லார்பாடம் துறைமுகத்தின் கிரேன்களை வழியெல்லாம் பார்க்கலாம். பச்சைமிளகாய் கேட்காதீர்கள், கிடைக்காது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்திருங்கள். சமைத்தது யார் என்று பக்கத்து மேசையில் யாராவது கேட்டால், முருகேசன் மகள் சுதா என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.