தூத்துக்குடித் துறைமுக வாசலில் இரண்டு மணி நேரம்

2006 தை மாதம், ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி ஏறினேன். டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். தாராபுரத்தைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை.

என் மகன் செல்வராசு கப்பலில் எஞ்சின் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து நாளைக்கு முன் விசாகப்பட்டினத்திலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "என்னால முடியலீங்கம்மா" என்று அழுதான். கப்பல் அடுத்து வியாழக்கிழமை தூத்துக்குடி வருகிறது என்றான். துறைமுக வாசலில் வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

பத்தரைக்கு மதுரை ஆரப்பாளையம். டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போய்த் தூத்துக்குடி வண்டி ஏறினேன். வழியெல்லாம் கருவேலங்காடு. பக்கத்துப் பெண், "எங்க போறீக?" என்று கேட்டாள். "மகன் கப்பல்ல வேலைல இருக்கறானுங்க" என்றேன். ஊர் நெருங்கும்போது உப்பளங்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

நாலு மணிக்கு வாசல். உள்ளே விடவில்லை. கப்பல் தெரியவில்லை, கிரேன்களின் தலைதான் தெரிந்தது. அரை மணி கழித்து அவன் வந்தான், இளைத்துப் போய். கூடவே எஞ்சினுக்கு எண்ணெய் போடும் தூத்துக்குடிக்காரர் ஒருவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உங்க மவன் செஞ்ச கூத்தக் கேட்டியளாம்மா?" என்றார் அவர்.

"சும்மா இருங்கண்ணா" என்றான் செல்வராசு.

அவர் விடவில்லை. எஞ்சின் துடைக்கும் துணி மூட்டையை அவிழ்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவிழ்த்தால் எல்லாம் பனியன் வேஸ்ட், கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கும் துண்டுத் துணி. பத்து வருஷம் மங்கலம் ரோட்டுக் குடோனில் நானும் அவனும் ரகம் பிரித்த அதே துணி. கை சும்மா இருக்குமா? ஒயிட் தனி, கலர் தனி, எலாஸ்டிக் தனி என்று உட்கார்ந்து பிரித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் குழாய் ஒன்று ஒழுக, சீஃப் இன்ஜினியர் துணி கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

"அவரு மூஞ்சி பூரா எண்ணெய். இவன் நிதானமா, 'ஒயிட் வேணுங்களா சார், கலர் வேணுங்களா'ன்னு கேக்கான்."

"ஒயிட்டுதானுங்கம்மா வெல சாஸ்தி" என்றான் செல்வராசு, என்னைப் பார்த்து.

எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. திட்டு வாங்கியதும் போனில் அழுததும் ஒரே நாள்தானாம். இப்போது அவனும் சேர்ந்து சிரித்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்தர்றயா, சாமி?"

அவன் டீ கிளாஸையே பார்த்தான். எண்ணெய்க்காரர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுத்துக் கல்கத்தா போகுதுங்கம்மா. அதையும் பாத்துட்டு வர்றனே."

"செரி, போயிட்டு வா."

ஆறு மணிக்கு இருவரும் உள்ளே போனார்கள். மதுரை வண்டியில் உட்கார்ந்த பிறகு அவன் சீஃபிடம் கேட்டது ஞாபகம் வந்து மறுபடியும் சிரிப்பு வந்தது. இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எங்கள் வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.