ஓர்ட்வின் வாத்தியாரின் பயக்கோடு

எங்கள் ஹோன்ஷைட் கிராமத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஓர்ட்வின் ஷ்டாலனிடம் படித்தவர்கள். கண்ணாடியைப் பார், தோளைத் திருப்பிப் பார், பிறகு வண்டியைத் திருப்பு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிப்போன மனுஷன். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற கையோடு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார் பாருங்கள், அன்றோடு அந்த மரியாதை கழன்றுகொண்டது.

ஊருக்கு மேலே, மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது பந்தயப் பாதை. டிக்கெட் வாங்கினால் யாரும் தன் காரை அதில் ஓட்டலாம். அதனால் எங்கள் ஊரில் ஒரு ஆளை எடைபோட வேண்டுமென்றால் அவன் டயரின் ஓரத்தைத்தான் குனிந்து பார்ப்பார்கள். வளைவில் துணிந்து திருப்புகிறவன் டயர் ஓரம்வரை தேய்ந்திருக்கும். பயந்தாங்கொள்ளியின் டயரில் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் புதுசாகவே நிற்கும். அதற்குப் பெயர் பயக்கோடு.

டயர் தேய்ந்ததும் வாத்தியார் மனைவி மெஷ்டில்டையும் கூட்டிக்கொண்டு ரைமுண்ட் பாவ்லியின் கடைக்குப் போனார். ரைமுண்டும் அவருடைய மாணவன்தான். லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை பெயிலானவன். "உனக்கெல்லாம் டிராக்டரே அதிகம்" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி வாத்தியார் அன்றைக்குச் சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவன் மறக்கவில்லை.

"வாங்க வாத்தியாரே. டயர் தேஞ்சுபோச்சா? உங்களுக்கா?"

"நடுவுல நல்லாவே தேஞ்சிருக்கு, ரைமுண்ட்."

"நடுவுல மட்டும்தான் தேஞ்சிருக்கு. ஓரத்தைப் பாருங்க, பேக்டரியிலேருந்து இப்பதான் வந்த மாதிரி இருக்கு. துணியால தொடைச்சா புதுசுன்னு வித்துடலாம்."

கசாப்புக்கடை ஏகோன் அங்கே வேலைவெட்டி இல்லாமல் காபி குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து டயரில் விரலை வைத்தான். "ஏப்பா வாத்தியாரே, பிணவண்டி டயர்கூட இதைவிட ஓரத்துல தேஞ்சிருக்குமே. இத்தனைக்கும் அதுல போறவருக்கு ஒரு அவசரமும் இல்ல."

வாத்தியாருக்குக் காது சிவந்தது. அதையும் அவர் விழுங்கியிருப்பார். ஆனால் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் மெஷ்டில்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அது அவரைத் தைத்துவிட்டது.

ரைமுண்ட் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஒன்றில் ஆழமான பள்ளங்கள் ஓடின. மற்றதில் பெயருக்கு இரண்டு கீறல், மிச்சமெல்லாம் மொழுமொழுவென்று இருந்தது. கடைக்காரர்கள் அதை அரைவழுக்கை என்பார்கள்.

"இது மழைக்கும் ஆகும், குளிருக்கும் ஆகும், காஞ்ச ரோட்டுலயும் சொன்ன பேச்சு கேக்கும். அந்த அரைவழுக்கை சூடேறிட்டா தாரோட ஒட்டிக்கும். குளிர்லயும் தண்ணியிலயும் சோப்புக்கட்டிதான். ஆனா அதெல்லாம் ஓட்டுறவங்க வாங்குறது வாத்தியாரே. உங்களுக்கு எதுக்கு?"

"மழை டயரே போடுங்க," என்றாள் மெஷ்டில்ட். "நம்ம ஊர்ல எப்பதான் மழை பெய்யல?"

டயரில் பள்ளம் எதற்கு என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவர் வாத்தியார். தண்ணீர் வெளியேற வழியில்லையென்றால் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும், அப்புறம் ஸ்டியரிங் இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ரைமுண்டுக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் நினைவிருந்தது. கூடவே அந்தக் கைக்குட்டையும் கண்ணுக்குள் நின்றது.

"அரைவழுக்கையே போடு," என்றார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷ்டில்டைக் காரில் ஏறச் சொன்னார். அவள் அடுப்பில் ஆப்பிள் கேக் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். "அணைச்சுட்டு வா. நீ பாக்கணும்," என்றார். பந்தயப் பாதையின் வாசலில் வெயில் அடித்தது. வாசலில் வெயில் என்றால் மறுகோடியில் மழை கொட்டலாம் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வாத்தியாருக்குத் தெரியாதா? வெயிலை மட்டும் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

முதல் சில வளைவுகளில் வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது. "எப்படி?" என்று கேட்டார். மெஷ்டில்ட் கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டு "போதும், ஓர்ட்வின்," என்றாள். அவர் காதில் ஏறவில்லை. மரங்கள் அடர்ந்த இறக்கத்தில் தார் ஈரமாக மின்னியது. அவர் திருப்பினார், வண்டி திரும்பவில்லை. இடப்பக்கமாகச் சறுக்கி, ஓரத்துச் சிமென்ட் விளிம்பை உரசிக்கொண்டே போய், சுழன்று, மெஷ்டில்ட் உட்கார்ந்திருந்த பக்கம் இரும்புத் தடுப்பில் மோதி நின்றது.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், அவள் அலறினாள், விட்டுவிட்டார். உதவி வரும்வரை செய்ய ஒன்றுமில்லை என்று வண்டியைச் சுற்றி வந்தவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். ஓரம் கரகரவென்று உரிந்து கிடந்தது. விரலால் தடவிப் பார்த்தார். பயக்கோடு இல்லை. சுத்தமாக இல்லை. அவரை அறியாமல் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

நிமிர்ந்தபோது மெஷ்டில்ட் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அலறுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உடைந்த வண்டியிலிருந்து அந்த டயரைக் கழற்றிவந்து ரைமுண்ட் தன் கடையின் வெளிச்சுவரில் மாட்டினான். பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் "வாத்தியார் பாஸ்" என்று எழுதினான். மழையில் அழிந்தால் மறுபடி எழுதுகிறான்.

பொய்க்காலில் நடக்கும் பயிற்சிக்கு அவளை ஒவ்வொரு வாரமும் ஓர்ட்வின்தான் ஒரு பழைய சாம்பல் நிறக் காரில் அழைத்துப் போகிறார். வழியில் வலப்பக்கம் அந்தச் சுவர் வரும். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால், அதைப் பார்க்க வேண்டுமென்றால் மெஷ்டில்டைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் அவர் நேரே ரோட்டைப் பார்த்தபடி வேகமாகக் கடந்துபோகப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்மேல் கை வைத்தாள்.

"நிறுத்து. கண்ணாடியைப் பாரு. தோளைத் திருப்பிப் பாரு. நீதானே சொல்லிக்கொடுத்தே?"

அவர் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"ஓரம்வரைக்கும் தேஞ்சிருக்கு ஓர்ட்வின். நல்லாப் பாத்துக்கோ. இப்பச் சிரி."

ஒவ்வொரு வாரமும் அங்கே வண்டி நிற்கிறது. அவர் சிரித்தபிறகுதான் அவள் "போகலாம்" என்கிறாள்.