கால் நீட்ட ஒரு பரிசல்

காலை 6.10. நல்லம்பள்ளி பேருந்து நிறுத்தம். என் தோள்பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு டப்பா எலுமிச்சைச் சோறு, கடையிலிருந்து எடுத்துவந்த இஞ்ச் டேப். என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார். இந்த முழங்காலைத் தூக்கிக்கொண்டு வருவதே பெரிய சுமை, அதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறாய் என்பார்.

நாங்கள் கிளம்பியது பரிசல் வாங்க. பெரிய பரிசல், இன்னொருவர் ஓட்டிப் பழகியதாக இருந்தாலும் சரி. நான் தையல்கடை வைத்திருக்கிறேன். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளியூரில் செட்டிலான பிறகு, மேட்டூர் அணையின் பின்தண்ணீர் நிற்கும் நாகமரையில் இரண்டு பேர் உட்காரும் சின்னப் பரிசல் ஒன்றை வாங்கினோம். மீன் பிடிக்க இல்லை, சும்மா சுற்றத்தான். மாதம்மாள் என்கிற மீன்காரம்மா வீட்டு வாசலில் அதைக் கவிழ்த்து வைத்திருப்போம். மாதத்தில் இரண்டு ஞாயிறு போவோம். துடுப்பு என் கையில், பேச்சு அவர் வாயில்.

நாகமரையில் தொடங்கி, கரையோரமாகவே மேட்டூர்ப் பக்கம் மூன்று நாள் போக வேண்டும், பொழுது சாயும்போது எந்த ஊர் வருகிறதோ அங்கே தங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் போன வருடம் அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கால் இப்போது பாதிதான் மடங்குகிறது. ஐந்தடிப் பரிசலில் மடங்காத காலை எங்கே வைப்பது? அரை மணி நேரத்தில் மனுஷன் கரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பொங்கலுக்குப் போனபோது, “நீ போயிட்டு வா, நான் கரையிலயே ஒக்காந்திருக்கேன்” என்றார். எனக்கு வந்ததே கோபம். தனியாகச் சுற்றிவர எனக்கென்ன வேண்டுதலா? வழியெல்லாம் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடுவது. கால் நீட்டுகிற மாதிரி பரிசல் கிடைத்தால் வாங்குவது. கிடைக்காவிட்டால் சின்னதையும் மாதம்மாளின் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அந்த ஞாயிறுதான் இது.

காலை 7.15. தருமபுரியில் ஒகேனக்கல் பஸ். நாற்பத்தாறு கிலோமீட்டர். அவருக்குப் பாஸ் இருக்கிறது, எனக்கு முப்பத்தைந்து ரூபாய் டிக்கெட். ஏறுவதற்கு முன் வழக்கம்போல் பின்டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ரிட்டயர் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த காரைக்கூட விடமாட்டார். என்ன விசேஷம் என்று கண்டக்டர் கேட்டதற்குப் பரிசல் வாங்கப் போகிறோம் என்றேன். மீன் பிடிக்கிறீர்களா என்றார். இல்லைங்க, ஊர் சுற்ற என்றேன். அவர் எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

காலை 9.20. ஒகேனக்கல். பெண்ணாகரம் தாண்டி மலை இறங்கும்போதே காற்று மாறிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கினால் எண்ணெய் மசாஜ் வாசமும் மீன் வறுக்கிற வாசமும் சேர்ந்து வரும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும், யார் என்ன சொன்னாலும் சரி. பரிசல் ஓட்டும் கோவிந்தன் எங்களுக்குத் தெரிந்தவர். விற்பதற்கென்று வைத்திருந்ததைக் காட்டினார். மூங்கில் பின்னி, தார் பூசியது. டேப்பைப் போட்டேன், குறுக்கே ஒன்பதடி. என் வீட்டுக்காரர் உள்ளே இறங்கிப் படுத்து இரண்டு காலையும் நீட்டினார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. தலைக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிடு என்றார். மணல்மேல் கிடக்கிற பரிசலில் படுத்துப் பார்த்துவிட்டு வாங்குகிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

கோவிந்தன் நிதானமாகக் கேட்டார். “படுத்துப் பாத்துட்டீங்க. தூக்கிப் பாத்தீங்களா?”

பார்த்தோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு சாண்கூட எழும்பவில்லை. அவர் குனிந்தவுடனே முழங்கால் பிடித்துக்கொண்டு, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இதைக் கவிழ்க்கவே நான்கு பேர் வேண்டும் என்று கோவிந்தன் சொன்னார். அவருக்கென்ன, நல்ல மனுஷன், விற்காமலேயே அனுப்பி வைத்தார்.

வறுத்த மீன் வாங்கி எலுமிச்சைச் சோற்றோடு சாப்பிட்டோம். மீன் அருமை. என் வீட்டுக்காரர் பாதி மீனை என் பக்கம் தள்ளிவிட்டார். சாப்பாட்டைத் தள்ளினால்தான் இவரைப் பற்றி எனக்குப் பயம் வரும்.

மதியம் 2.30. பெண்ணாகரம் திரும்பி, ஏரியூர் வழியாக நாகமரை. வழியெல்லாம் ராகிக் காடும் புளியமரமும். திருப்பத்தில் திடீரென்று தண்ணீர் தெரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிடுவேன். கடல் பார்க்காத ஊர்க்காரிக்கு இதுதான் கடல்.

சின்னப் பரிசலைக் கொடுத்துவிட வந்திருக்கிறோம் என்று மாதம்மாளிடம் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். வூட்டுக்குப் பின்னால் வாங்க என்று கூட்டிப்போனார். அவரும் அவர் வீட்டுக்காரரும் புதிதாக ஒன்று வாங்கியதால் சும்மா கிடந்த பைபர் பரிசல், நீலநிறம். ஏழரை அடி. கவிழ்ந்து கிடந்ததற்கு அடியில் நான் நுழைந்து பார்த்தேன். ஓட்டை இருந்தால் உள்ளேயிருந்து பார்க்கும்போது வெயில் ஊசிக்குத்து மாதிரி தெரியும். இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது, ஒரு குத்துகூட இல்லை. என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து குதிகால்வரை நாற்பது இஞ்ச். எதிரே நான் உட்கார்ந்து துடுப்புப் போட்டாலும் தாராளமாக நீளும்.

விலை பதினோராயிரம் என்றார் மாதம்மாள். ஆனால் ஒரு நிபந்தனை.

“தண்ணியிலிருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் நீங்க ரெண்டு பேரே கொண்டாரணும். அதுக்கப்புறந்தான் விப்பேன். ராத்திரி மேலேர்ந்து தண்ணி வுட்டா, ஓரத்துல வுட்ட பரிசலு காலையில இருக்காதுங்க. வேத்தூர்ல யாரு வந்து தூக்குவாங்க உங்களுக்கு?”

நியாயமான பேச்சு, என்ன சொல்ல முடியும்? அவருடைய வீட்டுக்காரர் அதைத் தலையில் கவிழ்த்துத் தண்ணீரோரம் கொண்டுபோய் வைத்தார். மரம் அறுபது எட்டு, மேட்டுப்பக்கம். நாங்கள் தூக்கினோம். ஒகேனக்கல் பரிசலைவிட லேசுதான். நான்கு எட்டு வைத்தோம், அவர் முழங்கால் தாங்கவில்லை, கீழே வைத்துவிட்டோம். இன்னொரு தடவை. மூன்று எட்டு. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “போதும் டெய்லரம்மா. சின்னதைக் குடுத்துட்டுப் போலாம்” என்றார்.

நான் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது அவர் சும்மா நிற்காமல் பரிசலின் விளிம்பை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். காலையில் பஸ் டயரைத் தட்டினாரே, அதே தட்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லி, பரிசலை விளிம்பின்மேல் நிமிர்த்தினார். அவர் உயரத்தையும் தாண்டி ஒரு நீலச் சக்கரம் நின்றது. தோளை லேசாகக் கொடுத்துச் சாய்த்து, கையால் தள்ளினார். உருண்டது. குனியவும் இல்லை, கால் மடக்கவும் இல்லை, மெதுவாக நடந்துகொண்டே லாரி டயரை ஷெட்டுக்கு உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு போனார். மறுபக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ஐம்பத்தேழு வயதில் ஆற்றங்கரையில் சிரித்துக்கொண்டு ஓடுவதை ஊரே பார்த்தது. பார்க்கட்டுமே.

வேப்பமரத்தடியில் மாதம்மாள் வாயில் கைவைத்து நின்றார். “இத்தனை வருசமா தலையில சொமந்தோமே” என்று தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். உருட்டினால் விளிம்பு தேயுமே என்றார். பழைய டயரிலிருந்து ஒரு பட்டை அறுத்துச் சுற்றி ஆணி அடித்துவிடலாம், அதை நானே செய்கிறேன் என்றார் எங்களவர். முப்பது வருட வேலைக்கு இன்றுதான் ஒரு பெருமை கிடைத்த மாதிரி அவர் குரல்.

மாலை 5.30. மாதம்மாள் வீட்டில் வைத்திருக்கும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம் மலை நீலமாகிக்கொண்டிருந்தது. பெரிய பரிசல் திரும்ப நேரமாகிறது, துடுப்பு இன்னும் அழுத்திப் போட வேண்டும், பழகிவிடும். அவர் இடது காலை நீட்டி, அதன்மேல் வலது காலைப் போட்டுக்கொண்டு, டிப்போ கதை ஒன்றைத் தொடங்கினார். அதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இன்று முழுதாகக் கேட்டேன்.

அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. அவர் ஒரு தடவைகூடக் கரையைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். மாதம்மாள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஏரியூர் போகும் கடைசி பஸ் புறப்படுகிறதாம். முப்பது வருடம் பஸ் நேரத்துக்கே எழுந்து, பஸ் நேரத்துக்கே சாப்பிட்டவரிடம் பஸ் கிளம்பப்போகிறது என்று சொன்னேன்.

“போவட்டும்” என்றார். “நீ இன்னொரு சுத்து சுத்து.”