பெரியம்மாவின் ஏழாவது சுற்று

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்து வந்தார். ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். பயந்து படுத்துவிடக் கூடாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினால் உடம்பு தாங்கும், பிறகு வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார். எங்கள் பள்ளி மைதானத்தில் பத்துச் சுற்று என்று பெரியப்பா முடிவு செய்தார்.

"நடக்கறப்ப எனக்கு எண்ணிக்கை நிக்காது. நீ எண்ணிக்க கண்ணு" என்றார் பெரியம்மா.

சாயங்காலம் என் தோழிகள் அங்கேதான் விளையாடுவார்கள். பெரியம்மா புடவையைத் தூக்கிச் செருகி, பெரியப்பாவின் வெள்ளை கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கைகளை வீசி வீசி நடப்பார். ஒருத்தி அதேபோல் நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாருடி அது?"

"எங்க வீதில இருக்கறவங்க" என்றேன்.

சீக்கிரம் முடியட்டும் என்று அன்றிலிருந்து கள்ளக் கணக்குச் சொன்னேன். நாலாவது சுற்றை ஏழு என்றேன். ஆறாவதைப் பத்து என்றேன்.

"பத்தாயிருச்சா? மூச்சே அவ்வளவா வாங்கலயே கண்ணு!"

"ஆயிருச்சுங்க பெரியம்மா."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா புதிதாக வாங்கிய செல்போனில் கம்பெனி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பத்து நடக்காமலே வேலைக்குப் போனால் மறுபடியும் நெஞ்சுவலி வந்துவிடுமோ என்று பயந்தேன்.

மறுநாள் ஒழுங்காக எண்ணினேன். ஏழாவது சுற்று முடிந்ததும் அவர் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"எத்தன கண்ணு?"

"ஏழுங்க."

"நேத்துப் பத்து நடந்தனே..." நெஞ்சில் கை வைத்தபடி மண்ணிலேயே உட்கார்ந்தார். "மறுபடியும் பம்பிங் கொறஞ்சு போச்சாட்ட இருக்குது."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

அதன்பின் அவர் மைதானத்துக்கு வரவில்லை. இதயம் முன்னைவிட மோசமாகவில்லை என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லை. கம்பெனிக்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பனியன்களுக்குப் பிசிறு நூல் வெட்டிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

சரியாக எண்ணியதோடு என் பொய் தீர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த ஏழுதான் அவர் அதுவரை நடந்ததிலேயே அதிகம். அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் மறுநாள் அவர் எட்டாவது சுற்றும் நடந்திருப்பார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.