வளர்வதற்கு விட்ட துணி

இஸ்திரி போடுவது சித்தப்பாவின் வேலை. தையல்காரி வீட்டில் அது எப்படி இவர் தலையில் விழுந்தது என்று கேட்டால், "உங்க சித்தி வெளிநாடு போனப்ப ஆரம்பிச்சது. இன்னும் விடுதலை கிடைக்கல" என்பார். அன்றும் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, ஒரு சட்டைக் காலரை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே சித்தி மிஷினில் திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கைபேசி. சித்தி முன்பு போயிருந்த வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை சாயங்காலம் கூப்பிடுவார். மறுபடி அங்கே வருகிறாளா இல்லையா என்று சித்தி சொல்லியாக வேண்டும்.

மகளுக்குக் கல்யாணமாகி வீடு வெறிச்சென்று ஆன வருஷம், ஒரு தொண்டு அமைப்பு மூலம் சித்தி கடல் தாண்டிப் போனாள். கிராமத்துப் பள்ளிக்கூடம். சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்க இடமும் மட்டும். பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க வேண்டும். ஆசிரியர்கள் அறைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். தையல் மிஷினைப் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது. பிள்ளைகள் ஒருக்களித்து உள்ளே வருவார்கள்.

சித்திக்கு அவர்கள் பாஷையில் 'கையைத் தூக்கு' மட்டும் தெரியும். 'திரும்பு' என்பதை நம் பாஷையிலேயே சொல்லிப் பழக்கிவிட்டாள். ஒரு வாரத்தில் மைதானத்தில் பந்து விளையாடும்போதுகூட "திரும்பு, திரும்பு!" என்று கத்தல். முன்பல் விழுந்த ஒரு சிறுமி, அளவு எடுத்து முடித்த பிறகும் அடிக்கடி வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். சித்தியும் சலிக்காமல் டேப்பைச் சுற்றுவாள். "அவளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினா போதும், சிரிச்சே தரையில உக்காந்துடுவா" என்று இப்போதும் சொல்வாள். சொல்லும்போது கை தானாக டேப்பைத் தேடும்.

சித்தி அங்கே செய்த தப்பு, நம் வீட்டுத் தையல்காரிகள் மட்டுமே செய்யக்கூடியது. வளர்கிற பிள்ளைகளாயிற்றே என்று எல்லாச் சட்டைக்கும் தாராளமாக அளவு கூட்டி, உள்ளே துணியை மடித்துவிட்டுத் தைத்தாள். அந்தப் பள்ளியிலோ சீருடை பள்ளிக்கூடத்துச் சொத்து. வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த வருஷம் அதே உயரத்துப் பிள்ளை போட்டுக்கொள்ளும். முதல் நாள் காற்றடித்தபோது பிள்ளைகள் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியை சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தாள். ஆனால் உள்ளே மடித்துவிட்ட உள்துணியை வெட்ட மனசு வரவில்லை.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு உள்துணி விட்டுத் தச்ச. இங்க என் சட்டையில பட்டன் இல்லாம ஊக்கு குத்திக்கிட்டு ஆபீஸ் போனேன்" என்றார் சித்தப்பா.

"ஊக்கு எங்க இருக்குன்னு போன் பண்ணித்தானே கேட்டீங்க? பட்டன் டப்பா அதுக்குப் பக்கத்துலதான இருந்துச்சு."

சித்தப்பா சட்டையைத் திருப்பிப் போட்டு அதன் கையைத் தேய்த்தார்.

"இப்ப எதுக்காம் கூப்பிடறாங்க? அங்க வேற தையல்காரியே இல்லியா?"

"திருப்பி வாங்கறதையே விட்டுட்டாங்களாம். அவங்கவங்க சட்டையை அவங்கவங்களே வச்சுக்கலாம். எல்லாம் வளர்ந்து நிக்குதுங்க. பிரிச்சு விடத்தான் ஆள் இல்லை. நான் எங்கெங்க எவ்வளவு மடிச்சேன்னு எனக்குத்தானே தெரியும்?"

"உன் தப்பையே பழக்கமாக்கிட்டாங்களா? நல்ல ஊருதான்."

சித்தி மிஷினை நிறுத்தினாள். "அந்த வருஷம் நான் சந்தோஷமா இருந்தேங்க. இங்க இல்லைன்னு சொல்லலை. உங்களை மறுபடி தனியா விட்டுட்டுப் போக முடியலை. போகாம இருக்கவும் முடியலை."

அவர் நிமிரவில்லை. பெட்டி அதே இடத்தில் இன்னொரு முறை போய் வந்தது.

"ஒரு டெர்ம்தான். நீங்களும் வாங்களேன். அவ்வளவு துணியையும் பிரிச்சா தேய்க்க வேணாமா? அங்க இஸ்திரி போட ஆளே கிடையாது."

சித்தப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து ஸ்விட்சை அணைத்தார். வயரைப் பிடுங்கி, கையில் சுற்றி வைத்தார். "அவங்க கூப்பிட்டா, இந்தப் பெட்டி அங்க ஓடுமான்னு கேளு" என்றார். மடித்த துணிகளை மார்போடு அணைத்து, மேலே இருந்த சட்டை சரியாமல் தாடையால் அழுத்திக்கொண்டு, அறையை விட்டுப் போனார்.