நான் கழற்றிய ஊசிக்காப்பு

என் நூல் டப்பாவில் வளைந்த சைக்கிள் கம்பி ஒன்று கிடக்கிறது. பெங்களூரு பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் என் வேலையைக் காப்பாற்றியது அதுதான். அதை வளைத்தவர் எங்கள் மெக்கானிக் அக்கா. என் வயதுதான், ஸ்பேனர் பிடித்ததால் எல்லோருக்கும் அக்கா.

அப்போது நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். விரல் ஊசிக்குள் போகாமலிருக்க மெஷினில் ஒரு காப்பு உண்டு. நூல் அறுந்தால் அதை ஒதுக்கித்தான் மறுபடி கோர்க்க வேண்டும். டார்கெட் கழுத்தைப் பிடிக்க, காப்பையே கழற்றி டிராயரில் போட்டேன். லைன் முழுக்க அதைத்தான் செய்தோம், மாட்டிக்கொண்டது நான். ஊசி நகத்தைத் துளைத்து இறங்கியது. மறுநாள் கட்டுப்போட்ட விரலோடு போனால், என்னை வேலையைவிட்டு நிறுத்தும் கடிதத்தோடு மேனேஜர் நின்றார். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

அக்கா குறுக்கே வந்தார். "அவ கழட்டல சார், உங்க டார்கெட்டு கழட்டுச்சு. ஒரு வாரம் டைம் குடுங்க." மேனேஜர் முறைத்தார், ஆனாலும் கொடுத்தார்.

ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றுவந்த முறைப்படி அக்கா எல்லாவற்றுக்கும் கட்டம் போடுவார். டீ குடிக்கக்கூடக் கட்டம் போடுவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அன்றும் பேட்டர்ன் காகிதத்தில் போட்டார். காப்பு ஏன் வேண்டும்? விரலுக்காக. ஏன் வேண்டாம்? நூல் கோர்ப்பதற்காக. "ரெண்டும் நெஜம்தான். எதையும் விட்டுக்குடுக்க வேணாம். எப்ப வேணும், எப்ப வேணாம், அத எழுது." தைக்கும்போது வேண்டும், கோர்க்கும்போது வேண்டாம். கடைசிக் கட்டம்: மெஷினில் ஏற்கெனவே இருக்கும் எது இதைச் செய்யும்? நாலு நாள் அது காலியாகவே கிடந்தது.

ஐந்தாம் நாள் நூல் கோர்க்க முழங்காலால் லிவரைத் தள்ளினேன். துணியை அழுத்தும் பாதம் எழுந்தது. அக்கா என் முழங்காலையே பார்த்தார். "அடிப்பாவி, இத தெனம் நீதானே தூக்குற!" சைக்கிள் கம்பியை வளைத்துக் காப்பை லிவரோடு இணைத்தார். தள்ளினால் காப்பு எழும்பும், விட்டால் வந்து உட்காரும். அந்த மூளைக்குக் கோயிலே கட்டலாம்.

"லைன்லயே வேகமா கழட்டுறது இவதான் சார். இவளே ஓட்டிப் பாக்கட்டும்" என்று என்னை உட்காரவைத்தார். மாலையில் மேனேஜர் எதிரிலேயே அக்கா கேட்டார், எத்தனை தடவை கழற்றினாய் என்று. எனக்கு அந்த நினைப்பே வந்திருக்கவில்லை.

"கழட்டத் தோணலக்கா."

மேனேஜர் கடிதத்தைக் கிழித்தார். பிறகு எல்லா மெஷினுக்கும் புதுக் கம்பி வந்தது, அந்த முதல் கம்பியை நான் வைத்துக்கொண்டேன்.

அக்கா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இன்று அந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி காப்பைக் கழற்றி வைத்திருந்தாள். வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். ஏன் கழற்றினாய் என்றேன். "காப்புல லைட்டு பட்டு கண்ணு கூசுது மேடம்" என்றாள். டப்பாவைத் திறந்து அந்தக் கம்பியை எடுத்தேன். பேட்டர்ன் காகிதம் ஒன்றை விரித்து, பறக்காமலிருக்க அதை மேலே வைத்துவிட்டு, கட்டம் போட ஆரம்பித்தேன்.